ஐந்து சான்றிதழ்களா, ஒரு பழைய கடிதமா?

தாம்பரத்தை அடுத்த பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 32. இன்னும் பத்து மாதத்தில் 33 நிறைகிறது. மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியலில் பி.இ. முடித்தவர். லினக்ஸ் சர்வர்களையும் விஎம்வேர் அமைப்புகளையும் பராமரிப்பதில் மொத்தம் 8 ஆண்டு 2 மாத அனுபவம் உண்டு. அதில் முதல் 2 ஆண்டு 8 மாதங்கள் கிண்டியில் இயங்கிய ஒரு சிறு நிறுவனத்தில் கழிந்தன. அந்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டுவிட்டது. கையில் இருப்பது ஒரு ரிலீவிங் லெட்டர் மட்டுமே. மீதி 5 ஆண்டு 6 மாதங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தில். மனைவி எம்.காம். படித்து, தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை பார்க்கிறார். இருவருக்கும் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விருப்பம்.

அவர் அணுகிய ஆலோசனை மையம், "இந்திய அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை, சர்வதேசச் சான்றிதழ்தான் பேசும்" என்று சொல்லி, வலையமைப்புக்கான சிசிஎன்ஏ, கிளவுட் சேவைகளுக்கான ஏ.டபிள்யூ.எஸ்., அஷ்யூர், லினக்ஸுக்கான ரெட் ஹேட், தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி ஆகிய ஐந்தையும் ஒன்றரை ஆண்டில் முடிக்க 2,80,000 ரூபாய் கேட்கிறது. மூடப்பட்ட நிறுவனத்தின் பெயரில் "ஒரு லெட்டர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்றும் சொல்லியிருக்கிறது. அலுவலக நண்பரோ, சான்றிதழெல்லாம் வெறும் காகிதம், எட்டு வருட அனுபவத்துக்கு விசாவுக்கான புள்ளிக் கணக்கில் நேராக 15 புள்ளி கிடைக்கும், உடனே விண்ணப்பியுங்கள் என்கிறார். யாரை நம்புவது, மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்பது வாசகரின் கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

குடியேற்ற முகவராகப் பதிவு பெறுவதற்கு முன் 11 ஆண்டுகள் மெல்பர்னில் உங்களைப் போலவே சர்வர்களோடு வாழ்ந்தவன் நான். ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரும் ஆளுக்குப் பாதி தவறு. நீங்கள் இரண்டு வெவ்வேறு வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒன்று விசா, மற்றொன்று வேலை. முதல் வாசலில் இருப்பவர் காகிதத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. இரண்டாவது வாசலில் இருப்பவர் காகிதத்தைப் பார்த்து உள்ளே அழைத்தாலும், உட்கார வைத்த பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று விற்கப்படுகிற எதையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

விசாக் கணக்கில் சான்றிதழின் இடம்

189 (யாருடைய பரிந்துரையும் வேண்டாதது), 190 (மாநிலப் பரிந்துரையோடு வருவது), 491 (பிராந்தியப் பகுதிகளுக்கான தற்காலிக விசா) ஆகிய மூன்று விசாக்களுக்கும் புள்ளி அட்டவணை ஒன்றே. அதில் வயது, ஆங்கிலம், பட்டம், அனுபவம், துணைவரின் தகுதி என்று தலைப்புகள் உண்டு. சிசிஎன்ஏ, ஏ.டபிள்யூ.எஸ். போன்றவற்றுக்குத் தலைப்பே இல்லை. பொறியியல் பட்டம் கையில் இருக்கும் உங்களுக்கு ஐந்து சான்றிதழ் வாங்கினாலும் ஐம்பது வாங்கினாலும் ஒரு புள்ளிகூடக் கூடாது. ஆனால் குறையும். 25 முதல் 32 வயது முடிய 30 புள்ளி. 33 பிறந்ததும் அது 25 ஆகிவிடும். வயது கணக்கிடப்படுவது, விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு வரும் நாளில். ஆகவே ஒன்றரை ஆண்டு சான்றிதழ் சேர்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கும் திட்டம், 2,80,000 ரூபாய் கொடுத்து 5 புள்ளியை இழக்கும் திட்டமாகவே முடியும்.

நண்பர் சொன்ன 15 புள்ளியும் உங்களுக்கு இப்போது இல்லை. வெளிநாட்டு அனுபவத்துக்கு 3 ஆண்டு முதல் 5, 5 ஆண்டு முதல் 10, 8 ஆண்டு முதல் 15 என்பது அட்டவணை. ஆனால் கணினித் துறையினரின் திறனை மதிப்பிடும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம், அதாவது எல்லோரும் ஏ.சி.எஸ். என்று சொல்லும் அமைப்பு, உங்கள் அனுபவத்தின் முதல் சில ஆண்டுகளை 'தகுதி பெறுவதற்கான காலம்' என்று கழித்துவிட்டு, எஞ்சியதையே புள்ளிக்குரியதாகக் காட்டும். பட்டத்தில் கணினிப் பாடங்கள் முதன்மையாக இருந்து, அவை நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொழிலோடு நெருங்கியும் இருந்தால், கழிவது 2 ஆண்டு. பாடங்கள் தொழிலோடு நெருங்காவிட்டால் 4 ஆண்டு. கணினிப் பாடங்களே குறைவு என்று முடிவானால் இன்னும் கூடுதல். உங்கள் பிரிவுப் பட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் வேறுபடும். எட்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு, கணினி, வலையமைப்பு, நிரலாக்கம் சார்ந்த தாள்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 8 ஆண்டு 2 மாதத்தில் 2 ஆண்டு போனால் 6 ஆண்டு 2 மாதம், 10 புள்ளி. கிண்டி நிறுவனத்தின் காலத்தை நிரூபிக்க முடியாமல் போனால் 5 ஆண்டு 6 மாதத்தில் 2 போய் 3 ஆண்டு 6 மாதம், 5 புள்ளி. கழிவு 4 ஆண்டு என்றால் முறையே 5 புள்ளியும் பூஜ்யமும். எந்தக் கணக்கில் போட்டாலும் அந்த மூடப்பட்ட நிறுவனத்தின் வேலைக்கான ஆதாரம் 5 புள்ளி பெறும். நீங்கள் வாங்கத் தவித்துக்கொண்டிருக்கும் ஐந்து சான்றிதழ்களைவிட விசாவுக்கு மதிப்புள்ள காகிதம் அதுதான்.

மற்ற தலைப்புகளையும் சேர்ப்போம். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10, அனுபவம் 10. மனைவி நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் மேலும் 5. ஆக 70. குறைந்தபட்சம் 65 என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. கணினித் தொழில்களுக்கு அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையில் அழைப்பு வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம். உயர்த்த வழி இருக்கிறது: நான்கிலும் 8 எடுத்தால் ஆங்கிலத்துக்கு 20. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வைத் தமிழில் எழுதி வென்றால் 5. இரண்டு உரையாடல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொல்ல வேண்டும், 90க்கு 63 தேவை. மாநிலப் பரிந்துரை கிடைத்தால் 190க்கு 5, 491க்கு 15. தமிழுக்கு 5 புள்ளி கொடுக்கும் அட்டவணை சிசிஎன்ஏவுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்பதை உங்கள் ஆலோசனை மையம் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று, ஒவ்வொரு தொழிலுக்கும் ஆஸ்திரேலியா தந்திருக்கும் தொழில் எண். 'சிஸ்டம்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற 262113 எண் 189 விசாவுக்கான பட்டியலில் இல்லை. மாநிலங்களின் தயவில்தான் நகரும். 'கம்ப்யூட்டர் நெட்வொர்க் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்' என்ற 263111 அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆசைக்கு ஏற்ற எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது. அலுவலகம் உங்களுக்குச் சூட்டியிருக்கும் பதவிப் பெயரை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் செய்த பணிகள் எந்த எண்ணின் விளக்கத்தோடு பொருந்துகின்றன என்பதே பார்க்கப்படும். அமைப்புகளை வடிவமைத்தீர்களா, சர்வர்களின் இடமாற்றத்தைத் திட்டமிட்டீர்களா, அல்லது வந்த புகார் டிக்கெட்டுகளை மூடினீர்களா? உங்களுக்குள் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்ட பிறகு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

மூடப்பட்ட நிறுவனத்துக்கு ஆதாரம் தேடுவது

ஏ.சி.எஸ். எதிர்பார்ப்பது நிறுவனத்தின் கடிதத்தாளில் வேலை தொடங்கிய நாள், முடிந்த நாள், முழுநேரமா என்பது, செய்த பணிகள், கையெழுத்திடுபவரின் பதவி, தொடர்பு விவரம் ஆகியவை அடங்கிய கடிதம். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் "அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்ற வரி தவறாமல் இருக்கும். என்ன வேலை செய்தார் என்ற வரி இருக்காது. நிறுவனமே இல்லாத நிலையில், உங்களுக்கு மேலாளராகவோ உடன் பணியாளராகவோ இருந்த ஒருவர், உங்கள் இருவருக்கும் இருந்த பணித் தொடர்பையும் உங்கள் பணிகளையும் விவரித்து, முத்திரைத் தாளில் பிரமாணப் பத்திரமாக எழுதி, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டுத் தரலாம். உங்களைப் பற்றி நீங்களே எழுதிக்கொள்ளும் பிரமாணம் செல்லாது.

அதற்குத் துணையாகச் சம்பளம் பெற்றதற்கான ஆதாரம் வேண்டும். பே ஸ்லிப் தொலைந்துபோயிருக்கலாம். ஃபார்ம் 16 வருமானவரிக் கணக்கோடு எங்காவது கிடக்கும். வங்கிக் கணக்கில் மாதாமாதம் வரவு வைத்த பதிவு வங்கியில் கேட்டால் கிடைக்கும். நிறுவனத்தின் பெயரோடும் மாதங்களோடும் பி.எஃப். பாஸ்புக் இன்றும் இணையத்தில் திறக்கும். முதல் வேலையின் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தாலும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பணி விவரத்தில் மிகைப்படுத்த வேண்டாம். அந்தச் சிறு நிறுவனத்தில் மின்னஞ்சல் சர்வரையும் பேக்கப்பையும் நிர்வகித்ததோடு பிரிண்டரும் பழுதுபார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிறு நிறுவனங்களில் அது இயல்பு. ஆனால் வேலையின் பெரும்பகுதி மேசைக் கணினிப் பழுதாக இருந்திருந்தால், அந்தக் காலம் உங்கள் தொழில் எண்ணுக்கு நெருங்கியதாக ஏற்கப்படாமல் போகலாம் என்பதற்கும் தயாராக இருங்கள்.

"ஏற்பாடு செய்த லெட்டர்" பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். விசா விதிகளில் 4020 என்ற எண் கொண்ட பொதுநல நிபந்தனை ஒன்று உண்டு. போலி ஆவணமோ தவறான தகவலோ தந்ததாகக் கண்டுபிடித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு அந்த நிபந்தனை உள்ள வேறு விசாவும் கிடைக்காது. உங்கள் விண்ணப்பத்தில் சேர்ந்திருக்கும் மனைவியையும் அது பாதிக்கும். ஏஜென்ட் சொன்னார், எனக்குத் தெரியாது என்பது சமாதானமாகாது. ஆஸ்திரேலியாவுக்குள் குடியேற்ற ஆலோசனை வழங்கப் பதிவு கட்டாயம். வெளிநாட்டில் இருந்து வழங்குபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் மையத்தில் பதிவு எண் கேளுங்கள். எண் சொன்னால், பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் முகவர் பதிவேட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

வேலை கொடுப்பவர் எதைப் பார்க்கிறார்

இனி இரண்டாவது வாசல். சான்றிதழ்கள் அனைத்தும் வீண் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் உள்ள நிறுவனத்தின் பெயர் மெல்பர்னில் ஆள் தேடித் தரும் ஏஜென்சிக்குத் தெரியாது. உங்கள் கல்லூரியின் பெயர் நிச்சயமாகத் தெரியாது. நூறு விண்ணப்பங்களைப் புரட்டுகிற அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே சொல் சான்றிதழின் பெயராக இருக்கலாம். புதிதாக வருகிறவருக்கு அது செய்யும் உதவி உண்மையானது. ஆனால் அந்த உதவி தொலைபேசி அழைப்பு வரும் வரைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த குழுவுக்கு ஆள் எடுத்தோம். ஒருவர் ஏழு சான்றிதழ்களோடு வந்தார். மற்றவரிடம் ஒன்றும் இல்லை. இருவரிடமும் ஒரே கேள்வி: இரவு மூன்று மணி; வட்டு நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை; வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியது என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளை நூறு சதவீதம் என்கிறது, கோப்புகளின் அளவைக் காட்டும் 'டியு' போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை; என்ன செய்வீர்கள்? முதலாமவர் வட்டை விரிவாக்குவேன் என்றார். அது தீர்வாகாது என்றதும், சர்வரை மறுதொடக்கம் செய்வேன் என்றார். இரண்டாமவர் சிரித்துவிட்டார். "யாரோ லாக் கோப்பை அழித்திருப்பார்கள், அந்தச் செயலி இன்னும் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். 'எல்எஸ்ஓஎஃப்' போட்டு எது என்று பார்த்து, அந்தச் சேவையை மட்டும் மீண்டும் இயக்குவேன். எங்கள் அலுவலகத்தில் அழித்தவன் நான்தான்" என்றார். கடைசி வாக்கியம்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

உங்களுக்கும் இப்படி ஐந்தாறு இரவுகள் இருக்கும். அவற்றை எழுதி வையுங்கள்: என்ன உடைந்தது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், நீங்கள் முதலில் எதைத் தவறாக நினைத்தீர்கள், பிறகு எதை மாற்றினீர்கள். 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லும் நம் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே ஆஸ்திரேலிய நேர்காணலில் அதைக் கேட்பவர், இவர் கூடவே நின்றுகொண்டிருந்தார் போலும் என்று முடிவு செய்துவிடுகிறார். குழுவின் பெயரைச் சொல்லிவிட்டு, அதில் உங்கள் கை எது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அதேநேரம் வாடிக்கையாளரின் பெயர், ஐ.பி. முகவரிகள், வரைபடங்கள், திரைப்பிடிப்புகள் எதையும் வெளியே கொண்டுவராதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் என்று தெரிந்தால் எந்த நிறுவனமும் தன் சர்வரை உங்களிடம் கொடுக்காது. அதே வேலையை வீட்டில் இரண்டு மெய்நிகர் கணினிகளில் ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவி கொண்டு மறுபடி செய்து, இணையத்தில் ஒரு கிட் நிரல் களஞ்சியத்தில் வைத்தால் யாருக்கும் காட்டலாம்.

உங்கள் அனுபவத்தை இங்கத்திய மொழியில் பெயர்த்துச் சொல்வதும் முக்கியம். ஆஸ்திரேலியச் சிக்னல்ஸ் டைரக்டரேட் வகுத்த 'எசென்ஷியல் எய்ட்' என்ற எட்டுப் பாதுகாப்பு நடவடிக்கைகளில் இயங்குதளத்தைப் பேட்ச் செய்வது, அதாவது அதன் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொருத்துவது, நிர்வாகி உரிமைகளைக் கட்டுப்படுத்துவது, முறையான பேக்கப் ஆகியவை அடங்கும். மாதாமாதம் சனிக்கிழமை இரவுகளில் நானூறு சர்வர்களைப் பேட்ச் செய்ததாக ஒரு வரியில் எழுதிக் கடந்து போயிருக்கிறீர்கள். இந்த எட்டோடு பொருத்தி எழுதினால் அதே வரி இங்கே வேறு எடை பெறும். நீங்கள் சேவை செய்துவரும் வாடிக்கையாளர் காப்பீட்டு நிறுவனம் என்பதால், இங்குள்ள வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் 2019 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சிபிஎஸ் 234 என்ற தகவல் பாதுகாப்பு விதியையும் படித்துவிட்டு வாருங்கள். அதற்குச் செலவு இல்லை.

ரெஸ்யூமேயில் புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம்.

ஐந்தில் எது மிஞ்சும்

சிஐஎஸ்எஸ்பியை இப்போதே நீக்குங்கள். அதன் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டிலாவது 5 ஆண்டு ஊதியப் பணி இருந்தால்தான் முழுச் சான்றிதழ்; பட்டத்துக்கு ஓராண்டு தள்ளுபடி கிடைக்கும். அதற்குமுன் தேர்வில் வென்றால் 'அசோசியேட்' என்ற நிலையே மிஞ்சும். உங்கள் நாள்முழு வேலை வலையமைப்பு அல்ல என்பதால் சிசிஎன்ஏவும் அவசரமில்லை.

உங்கள் அனுபவத்தில் உண்மையான ஓட்டை ஒன்று உண்டு: எட்டு ஆண்டும் நிறுவனங்களின் சொந்த டேட்டா சென்டர்தான், இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் இல்லை. அதை மூடக் கிளவுட் சான்றிதழ் ஒன்று போதும். ஏ.டபிள்யூ.எஸ். 'சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' என்றால் 130 நிமிடத்தில் 65 கேள்விகள், கட்டணம் 150 அமெரிக்க டாலர். ஆனால் அது மூன்று ஆண்டுதான் செல்லும். அஷ்யூரின் அசோசியேட் நிலைச் சான்றிதழ்களோ ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை. விசா வரிசை எவ்வளவு நீளும் என்று தெரியாத நிலையில் இன்றே வாங்கினால் நீங்கள் வந்து இறங்கும்போது பாதி ஆயுள் முடிந்திருக்கும். அழைப்பு வந்த பிறகு எழுதுங்கள்.

இரண்டாவதாக ஒன்று எழுத விரும்பினால் ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ எழுதலாம். அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இல்லை. ஒரு சர்வரைக் கொடுத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். உங்களைப் போல் கையால் வேலை செய்தவருக்கு அதிகப் பயிற்சிக் கட்டணமும் தேவையில்லை. மையத்தார் 'டம்ப்ஸ்', அதாவது தேர்விலிருந்து கசிந்த கேள்வி பதில்கள், தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதத் தடையும் வரும். பிடிபடாவிட்டாலும், படித்ததாகச் சொன்ன ஒன்றை முதல் கேள்வியிலேயே விளக்க முடியாமல் விழிப்பவரை நான் பலமுறை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

விசா வந்தவுடன் வேலை வந்துவிடும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். 'உள்ளூர் அனுபவம் உண்டா' என்ற கேள்வியை முதல் சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் அரசுப் பணிகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். கான்பெரா விளம்பரங்களில் அதைக் கவனியுங்கள். ஆறு மாத ஒப்பந்த வேலையோ, இப்போதைய நிலையைவிட ஒரு படி கீழான வேலையோ வந்தால் ஏற்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. உங்கள் இப்போதைய நிறுவனத்துக்கு ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் இருந்தால், ஆன்சைட் வாய்ப்பையும் கேட்டு வையுங்கள். நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வழி தனி, அதற்கு இந்தப் புள்ளி அட்டவணை கிடையாது.

செய்ய வேண்டிய வரிசை இது: இந்த வாரம் கிண்டி நிறுவனத்தின் பழைய டீம் லீடரைத் தேடிப் பிடியுங்கள், லிங்க்ட்இன்னில் இல்லாவிட்டால் பழைய வாட்ஸ்அப் குழுவில் யாராவது எண் தருவார்கள். அடுத்து இப்போதைய நிறுவனத்தில் பணி விவரத்தோடு கடிதம் கேளுங்கள். மனிதவளப் பிரிவு மறுத்தால் அங்கேயும் மேலாளரின் பிரமாணப் பத்திரம்தான் வழி. நீங்களும் மனைவியும் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் ஏ.சி.எஸ். வெளியிட்டிருக்கும் வழிகாட்டியை ஒருமுறை முழுதும் படித்துவிட்டு மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். 33ஆவது பிறந்தநாளுக்கு முன் அழைப்பு வர வேண்டுமானால் இவற்றுக்கு உங்களிடம் இரண்டு மூன்று மாதமே இருக்கிறது.

நகையை அடகு வைக்க வேண்டாம். மெல்பர்னில் வீடு பிடிக்கும்போது முன்வாடகையும், பொதுவாக ஒரு மாத வாடகையளவு பாண்டு எனும் பிணைத்தொகையும் ஒன்றாகக் கட்ட வேண்டிவரும். முதல் சம்பளம் வரும் தேதி அப்போது யாருக்கும் தெரியாது. கைக்கு எட்டும் இருப்பு தேவைப்படுவது அந்த வாரத்தில்தான்.